நாற்பது நிமிடக் குரல்

"நேராக நில்" என்று நான் சொன்னது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அடுத்து "இயல்பாக நில்" என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். காற்று மட்டும்தான் வந்தது. மறுபடி முயன்றேன். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல ஒரு கீறல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஆடி மாதத்துத் திங்கட்கிழமைக் காலை அது. சங்கரன்கோவிலில் அந்த மாதம் முழுக்க மேற்கே மலையைத் தாண்டி வரும் காற்றுதான். புழுதி கிளம்பிப் பிள்ளைகளின் கண்ணில் விழுந்தது. ரிப்பன்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. கண்ணைக் கசக்கக்கூட ஒரு பிள்ளை கையை உயர்த்தவில்லை. நான்தான் நேராக நிற்கச் சொல்லியிருக்கிறேனே. ஐந்நூறு பெண்பிள்ளைகள் என் அடுத்த சொல்லுக்காக அப்படியே நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தரிசாகக் கிடந்த கரிசல் காட்டுக்கு அப்பால், காற்றாலைகள் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் எங்கோ தூரத்தில் நின்று அந்தக் காட்சியைப் பார்ப்பதுபோல இருந்தது. கடைசியில் உடற்கல்வி டீச்சர் விசிலை ஊதினார். பிள்ளைகள் மூச்சை விட்டார்கள்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்தப் பெண்கள் பள்ளியில் பதினேழு வருடமாகக் கணக்கு டீச்சர். என் குரல் ஊரறிந்த குரல். நான் வாழ வந்த தெரு விசைத்தறித் தெரு. என் கணவர் வீட்டை ஒட்டிய கூடத்தில் நாலு தறி போட்டு ஓட்டுகிறார். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர்களின் தறிகள். சமையலறையில் இருந்து வாசலுக்கு ஒரு சொல் போய்ச் சேர வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். அந்தத் தெருவில் பழகிய தொண்டையை அப்படியே பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போனேன். அங்கே அதற்கு நல்ல மதிப்பு இருந்தது. காலைக் கூட்டம் நான்தான். விளையாட்டு விழாவில் மைக் நான்தான். பிள்ளைகளின் எடை, உயரம், ஆதார் எண் என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய விவரம் எதுவானாலும் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டு வருவதும் நான்தான். ஆசிரியர் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதினேன், பயிற்சிக்கு ஆள் கேட்டால் போனேன், யாராவது விடுப்பு எடுத்தால் அவர்கள் வகுப்பையும் பார்த்துக்கொண்டேன். தலைமையாசிரியை நல்ல மனுஷி. "டீச்சர், நீங்க இருக்கும்போது எனக்கு என்ன கவலை?" என்பார். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே இன்னும் இரண்டு வேலையை வாங்கிக்கொள்கிறவளாக நான் இருந்தேன். இதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

மறுநாள் நானும் கணவரும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம். காது மூக்கு தொண்டை டாக்டர், வயதில் இளையவர். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, திரையில் என் தொண்டையை எனக்கே காட்டினார். இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் ஈரமான இரண்டு மடிப்புகள் திறந்து திறந்து மூடின. அது என் குரலின் வீடு என்று நம்பவே முடியவில்லை.

"ரெண்டு பக்கமும் காய்ப்பு விழுந்திருக்கு பாருங்க. மண்வெட்டி பிடிச்சா கையில காய்க்கும்லா, அதே மாதிரிதான்" என்றார் டாக்டர். "ரெண்டு வாரம் ஒரு சொல்லும் பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு நாளைக்கு நாற்பது நிமிஷம் பேசலாம். மீறினா ஆபரேஷன் வரைக்கும் போயிரும்."

"பள்ளிக்கூடத்துல நாற்பது நிமிஷமா, வீட்டுல நாற்பது நிமிஷமா?" என்று கேட்டார் கணவர்.

டாக்டர் சிரித்தார். "எல்லாம் சேத்துத்தான் சார்."

நான் அவர் மேசையில் இருந்த தாளை இழுத்து எழுதினேன்: 'எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து பீரியடு. ஒரு பீரியடே நாற்பது நிமிடம்.'

அதைப் படித்துவிட்டு அவர் தாளை என் பக்கமே தள்ளினார். "அப்போ எது முக்கியம்னு நீங்கதான் டீச்சர் முடிவு பண்ணணும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்றார்.

திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கணவர் தூங்கிவிட்டார். ஏதோ ஒரு ஊரில் பஸ் நின்றபோது, கூடையில் மல்லிகைப்பூ வைத்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பஸ் கிளம்பிவிட்டது. பேசாமல் இருந்தால் உலகம் நம்மை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறது, ஆனால் தெளிவாகத் தெரிகிறது என்று அப்போது தோன்றியது.

அந்த இரண்டு வாரம் மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் பகல் பொழுதில் தறிக்கூடத்தில் போய் உட்கார்ந்தது அப்போதுதான். வெளியே கத்துகிற எங்கள் தெரு, தறிக்கூடத்துக்குள் பேசுவதே இல்லை. எல்லாம் கைதான். உள்ளங்கையைக் காட்டினால் தறியை நிறுத்து. ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினால் இழை அறுந்துவிட்டது, வந்து பார். புருவத்தைத் தூக்கி வாயருகே கையைக் கொண்டுபோனால் டீ குடிக்கலாமா. இரண்டே நாளில் எனக்கு அது பழகிவிட்டது. கூடத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் நாலு தறியின் சத்தம். அத்தனை சத்தத்துக்கு நடுவில் நாங்கள் இருவரும் அமைதியாகப் பேசிக்கொண்டோம். வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை என்றுகூடச் சொல்லலாம்.

மகள் கோயம்புத்தூரில் படித்தாள். சாயங்காலம் போன் பண்ணுவாள். அவள் பேச நான் கேட்பேன். ஆமாம் என்றால் போனை நகத்தால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. முதல் நாள் சிரித்தாள். பிறகு நாளாக நாளாக நிறையப் பேச ஆரம்பித்தாள். விடுதியில் ஒரு தோழியோடு மனக்கசப்பு, ஒரு பாடம் பிடிக்கவில்லை, அதை விட்டுவிடலாமா என்ற யோசனை எல்லாம் வந்தது. ஒருநாள், "அம்மா, முன்னாடி நான் ஒண்ணு சொன்னா நீ பத்து சொல்லுவ. அதனால சொல்லுதது இல்ல" என்றாள். நான் ஒரு தட்டுத் தட்டினேன். 

இரண்டாவது வாரம் ஒரு மதியம், பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளில் நான் என்னென்ன பேசுகிறேன்? காலையில் வாசலில் நுழைவதில் தொடங்கி வரிசையாக எழுதினேன். நேராக நில், இயல்பாக நில். வருகைப் பதிவு. உக்காரு. பேசாத. நோட்டை எடு. கடைசி பெஞ்சு, அங்கன என்ன சத்தம். சுற்றறிக்கை வாசித்தல். ஆதார் எண் கேட்டல். மறுபடி கேட்டல். பேசாத. மாவட்டத்தில் இருந்து வந்த போனுக்குப் பதில். சத்துணவு வரிசை. பேசாத. நான்கு தாள் நிறைந்துவிட்டது. தறியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த கணவர், என் தோளுக்கு மேலாகக் குனிந்து எல்லாத் தாளையும் படித்தார். நிதானமாகத்தான் படித்தார்.

"இதுல கணக்கு எங்கன இருக்கு?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. தேடிப் பார்த்துக் காணாமல்தான் கேட்டார். நான் தாள்களை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது தாளின் அடியில், 'பாடம் நடத்துதல்' என்று ஒரே ஒரு வரி இருந்தது.

அன்று சாயங்காலம் வரை அந்தத் தாள்களை வைத்துக்கொண்டே இருந்தேன். சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தேன். வருகைப் பதிவை வகுப்புத் தலைவி எடுக்கலாம், நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். சுற்றறிக்கையைப் பலகையில் ஒட்டலாம். காலைக் கூட்டத்தை வேறு யாரும் எடுக்கலாம். 'பேசாத' என்பதை யாருமே சொல்ல வேண்டியதில்லை. இப்படி அடித்துக்கொண்டே போனபோது, நான்தான் சொல்லியாக வேண்டும் என்று மிஞ்சியது மிகக் கொஞ்சம். பத்தாம் வகுப்புக்குப் புதுப் பாடத்தின் கஷ்டமான இடம், பதினைந்து நிமிடம். ஒன்பதாம் வகுப்புக்குப் பத்து. புரியாத ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல இன்னொரு பத்து. மீதி ஐந்து நிமிடம் மகளுக்கு. கணவருக்கு என்று ஒன்றும் ஒதுக்கவில்லை. அவருக்கும் எனக்கும் கை இருந்தது.

விடுப்பு முடிந்து போன அன்று, தலைமையாசிரியையிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். எதையெல்லாம் இனி என்னால் செய்ய முடியும், எதையெல்லாம் முடியாது என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இது என்ன டீச்சர், பாகப்பிரிவினையா?" என்றார். "காலைக் கூட்டம் யாரு எடுப்பா? ஆன்லைன்ல யாரு ஏத்துவா? ஆபீஸ்ல இருந்து போன் வந்தா நான் யாரைத் தேடிப் போக?"

நான் அவர் மேசைத் துண்டுத்தாளில் எழுதினேன்: 'என்னை வகுப்பறையில் தேடுங்கள். அங்கே இருப்பேன்.'

எழுதிய பிறகுதான் அது எப்படித் தொனிக்கிறது என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள், அவரையும் யாரோ தினமும் தேடிக்கொண்டிருந்தார்கள். "சரி. உடம்பைப் பாருங்க" என்றார். காலைக் கூட்டம் தமிழ் டீச்சருக்குப் போயிற்று. ஆன்லைன் வேலை, புதிதாக வந்த அறிவியல் டீச்சருக்கு.

தமிழ் டீச்சரும் நானும் பத்து வருடமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அன்று மதியம் எல்லோர் முன்னாலும், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்களுக்கும் இருக்கது தொண்டைதான. நாங்க என்ன மைக்கையா முழுங்கியிருக்கோம்?" சிலர் சிரித்தார்கள். எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது சொல்வதற்கு. ஆனால் அன்றைக்குப் பத்தாம் வகுப்புக்கு இன்னும் பேச வேண்டியிருந்தது. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன். மறுநாளில் இருந்து அவர் வேறு மேசையில் சாப்பிட்டார். அது எனக்கு வலித்தது. எதை விடுவது என்று தாளில் அடிக்கும்போது, ஒவ்வொரு கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு ஆள் இருப்பார் என்று நான் யோசித்திருக்கவில்லை.

வகுப்பில் முதல் நாள் பலகையில் எழுதிப்போட்டேன்: 'டீச்சருக்குத் தொண்டை சரியில்லை. ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் பேச முடியும். மிச்சத்தை நீங்கள் பேச வேண்டும்.' பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். தறிக்கூடத்துக் கைச்சாடையைக் கற்றுக்கொடுத்தேன். உள்ளங்கை என்றால் நிறுத்து. இரண்டு விரல் முறுக்கினால் இழை அறுந்துவிட்டது, அதாவது இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை. பாதிப் பிள்ளைகள் தறித் தெருவில் இருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரே சிரிப்பு. "டீச்சர், எங்கப்பா இதே மாதிரிதான் செய்வாரு" என்றாள் ஒருத்தி.

பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். விரல் முறுக்குகிற கைகள் மெல்ல மெல்ல எழும். அந்த இடத்தை மட்டும் பேசுவேன், சின்னக் குரலில். நான் சின்னக் குரலில் பேசப் பேச அவர்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். பதினேழு வருடமாகப் பிள்ளைகளை அமைதியாக்க நான் கத்திக்கொண்டிருந்தேன். வெண்கட்டி பலகையில் உரசும் சத்தம் கேட்கிற அளவுக்கு ஒரு வகுப்பு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளோடு தரையில் விழுந்து மெதுவாக நகரும். தூசு மிதக்கும். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் பெஞ்சுகளுக்கு நடுவில் நடப்பேன். தண்ணீருக்குள் நடப்பதுபோல இருக்கும்.

அப்படி நடந்தபோதுதான் மூன்றாவது பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்தேன். பார்த்தேன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவள் ஒரு வருடத்துக்கு மேலாக என் வகுப்பில்தான் இருந்தாள். திருவேங்கடம் போகும் சாலையில் ஒரு ஊர். டவுன் பஸ்ஸில் வருவாள். வகுப்பிலேயே அழகான நோட்டு அவளுடையதுதான். பிசிறில்லாத எழுத்து, ஸ்கேல் வைத்த கோடுகள். நான் பக்கத்துக்குப் பக்கம் டிக் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது நிதானமாகப் பார்த்தபோது தெரிந்தது. பக்கத்தில் இருப்பவளின் பேனா நின்றால் இவள் பேனாவும் நின்றது. அவள் எழுதினால் இவள் எழுதினாள்.

மறுநாள் என் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மைனஸ் ஐந்தில் இருந்து மைனஸ் மூன்றைக் கழி என்று நோட்டின் ஓரத்தில் எழுதினேன். அவள் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பக்கத்துப் பிள்ளையை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. நானும் பேசவில்லை. முன்பென்றால் இந்நேரம் நானே விடையைச் சொல்லி, ஏன் என்றும் சொல்லி, புரிஞ்சுதா என்று கேட்டு, அவள் தலையாட்டியும் இருப்பாள்.

"டீச்சர்" என்றாள் கடைசியில், குனிந்த தலையோடு. "மைனஸ்னா இல்லாததுதான? இல்லாததுல இருந்து எப்படி எடுக்க?"

எவ்வளவு நல்ல கேள்வி. "எத்தனாம் கிளாஸ்ல இருந்து இதைக் கேக்கணும்னு இருக்க?" என்றேன்.

"ஆறாம் கிளாஸ்ல இருந்து."

நான்கு வருடம் அந்தக் கேள்வியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து போயிருக்கிறாள். அதில் ஒரு வருடம் என்னிடம்.

"உங்க ஊருல கிணறு உண்டா?" என்றேன்.

"தோட்டத்துல இருக்கு டீச்சர்."

"தரைமட்டத்தைப் பூஜ்யம்னு வச்சுக்கோ. தண்ணி அஞ்சு அடி கீழ கெடக்கு. அப்ப என்ன?"

"மைனஸ் அஞ்சு."

"மழை பெய்யுது. ஆழத்துல மூணு அடி குறைஞ்சுட்டு."

அவள் எழுதவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணுக்குள் அந்தக் கிணற்றைக் கொண்டுவந்துவிட்டாள் என்று தெரிந்தது. "ரெண்டு அடி கீழ நிக்கும்" என்றாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "ஆழத்தை எடுத்தா தண்ணி மேல வருது" என்றாள்.

அந்த வரியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அன்று மகளுக்கு வைத்திருந்த ஐந்து நிமிடத்தில் அதைத்தான் சொன்னேன். மகள், "அவகிட்ட இன்னும் நெறையக் கேளும்மா" என்றாள்.

அதற்குப் பிறகு பாதி நாள் அந்தப் பத்து நிமிடம் அவளுக்குத்தான் போயிற்று. மற்ற பிள்ளைகளுக்கு நியாயமா என்று எனக்குள் உறுத்தல் இருந்தது. நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா வந்து, "முன்ன மாதிரி நீங்க நடத்தலைன்னு பிள்ள சொல்லுதா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. முன்பு ஒரு பாடத்துக்கு இருபது கணக்குப் போட்டுக் காட்டுவேன், இப்போது ஆறு.

உண்மையான தவறு வேறு ஒன்றில் நடந்தது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் வேலை எப்போதும் என்னுடையது. அதையும் மற்ற ஆன்லைன் வேலையோடு சேர்த்து அறிவியல் டீச்சரிடம் தள்ளிவிட்டிருந்தேன். அவர் புதியவர், ஒரே நேரத்தில் பத்து வேலை. ஒரு பிள்ளையின் பிறந்த தேதி மாறிப் பதிவாகிவிட்டது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பட்டியலின் நகலைப் பார்த்த அந்தப் பிள்ளைதான் கண்டுபிடித்தாள். திருத்துவதற்கு அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தென்காசிக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. நானும் போனேன். அந்த அம்மா புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அலுவலக வராந்தாவில் மதியம் வரை காத்திருந்தோம். அவர் கையில் முள் கிழித்த கோடுகள் இருந்தன.

"ஒரு நாள் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன் டீச்சர். நீங்களும்தான் அலையுதீங்க, பாவம்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்த வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தபோது, நான் எங்கே பிசகினேன் என்று விளங்கியது. பெயர்ப்பட்டியலைப் பார்ப்பதற்குக் குரலே வேண்டாம். கண் போதும். பிடிக்காத வேலைகளை அடித்துக்கொண்டு வந்த வேகத்தில் அதையும் அடித்திருக்கிறேன். நான் முக்கியமில்லாததைத்தான் விட்டேன் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம், எனக்குச் சலித்ததையும் விட்டிருந்தேன். மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், பெயர்ப்பட்டியல் மட்டும் என்னிடமே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அறிவியல் டீச்சரிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர். "நானும் உங்கள மாதிரி ஒரு லிஸ்ட் எழுதிப் பாக்கேன் டீச்சர்" என்றார் சிரித்துக்கொண்டே. நான், "எழுதுனா முதல்ல என்கிட்ட காட்டுங்க" என்றேன்.

மூன்று மாதம் நாலு மாதமாக நீண்டு, மார்கழியில் டாக்டர் திரையைக் காட்டிச் சிரித்தார். காய்ப்பு கரைந்துவிட்டது. குரல் திரும்பி வந்தது, ஆனால் பழைய குரல் அல்ல. கொஞ்சம் கனமாக, தணிந்து. தலைமையாசிரியைக்குச் சந்தோஷம். "அப்ப தை பிறந்ததும் காலைக் கூட்டத்தை நீங்க எடுத்துக்கிடுங்க டீச்சர்" என்றார், தமிழ் டீச்சரும் இருக்கும்போதே.

நான் வாயைத் திறப்பதற்குள் தமிழ் டீச்சர், "இருக்கட்டும். நானே பாத்துக்கிடுதேன்" என்றார். காலைக் கூட்டத்தில் அவர் தினமும் ஒரு பிள்ளையை மேடையேற்றி, முந்தின நாள் பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை கருவாட்டுக் கடையைப் பற்றிப் பேசினாள், இன்னொரு பிள்ளை தன் வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பற்றி. எல்லோரும் ஆவலாகக் கேட்டார்கள். என் காலத்தில் அப்படி இல்லை. எனக்கு லேசாகப் பொறாமை வந்தது. பதினேழு வருடம் நான் இல்லாமல் நடக்காது என்று நினைத்த ஒன்று, நான் இல்லாமல் இன்னும் நன்றாக நடந்துகொண்டிருந்தது. அன்று மதியம் அவர் என் மேசைக்கு வந்து டப்பாவைத் திறந்தார். புளிக்கறி வைத்திருந்தார். என் டப்பாவிலும் ஒரு கரண்டி வைத்தார். 

அந்த ஆண்டுத் தேர்வு முடிவில் பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போல ஓரிருவர் கணக்கில் தவறினார்கள், ஓரிருவர் மிக நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை சுமாரான மதிப்பெண்ணில் தேறினாள். சான்றிதழ் வாங்க வந்தபோது, பதினொன்றில் கணக்கு இருக்கிற பிரிவில் சேரலாமா என்று கேட்டாள். கஷ்டமாக இருக்கும் என்று சொன்னேன். "தெரியும் டீச்சர். ஆனா இப்ப கேக்கத் தெரியும்லா" என்றாள். சேர்ந்துவிட்டாள். போன வாரம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறதாம்.

இந்த ஆனியில் ஒருநாள் நான்காவது பீரியடு எனக்கு ஓய்வு. முன்பெல்லாம் ஓய்வு பீரியடு என்று நேர அட்டவணையில் இருக்குமே தவிர, அதில் நான் உட்கார்ந்ததில்லை. அன்று யாரும் கூப்பிடவில்லை. செய்து முடிக்காத எதுவும் கையில் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒரு வட்டம் வரைந்தேன். வெளியே ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியில் இருந்து வட்டத்தை ஒரே இடத்தில் தொட்டு நிற்கும் இரண்டு கோடுகள். அவை இரண்டும் நீளத்தில் சமம் என்று எத்தனையோ வருடமாகப் பலகையில் நிரூபித்திருக்கிறேன், எப்போதும் புத்தகத்தில் இருக்கிறபடி. வேறு வழியில் போக முடியுமா என்று பார்த்தேன். ஒரு வழி பாதியில் நின்றது. இன்னொன்று வட்டத்தையே மடித்துப் பார்க்கச் சொன்னது. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, மையமும் அந்தப் புள்ளியும் மடிப்பில் வரும்படி மடித்தேன். ஒரு கோடு மற்றொன்றின் மேல் அப்படியே போய்ப் படிந்தது. அதை எப்படிச் சொற்களில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே சாரல் விழத் தொடங்கியிருந்தது.

மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க பீரியடு ஆரம்பிச்சுட்டு" என்றாள்.

"வாரேன் மக்கா" என்று சொல்லிவிட்டு, மடித்த தாளையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.